தலையிடி இல்லாத மைக்கிரேன்: வன்னி வைத்தியசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார சேவைகள் திணைக்களத்துக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. பல வருடங்களாக எனக்கு மைக்கிரேன் இருக்கிறது, ஆனால் தலையிடி இல்லை. இப்படிச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சில வைத்தியர்களும் சிரித்திருக்கிறார்கள். தலை இடிக்காமல் மைக்கிரேன் எப்படி என்று கேட்பது நியாயமான கேள்விதான். பதில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அது எங்கள் ஊர் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் ‘ஒளித்தொகுப்பு’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நடுவில் இரண்டு எழுத்து இருக்காது. கறுப்பாக மறைந்திருக்காது, மங்கலாகவும் இருக்காது. அந்த இடமே இல்லாததுபோல இருக்கும். முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்தால் மூக்கு இருக்கும், ஒரு கண் இருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் மினுக்கம் தொடங்கும். பிறகு அது நெல் அருவி வெட்டுகிற பல்லரிவாள் போல வளைந்து நீளும். வளைவின் வெளிப்பக்கம் முழுக்கக் கூர்கூராகப் பல்லு, அத்தனை பல்லும் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும்தான், சில தடவை நீலமும் மஞ்சளும் ஓரத்தில் ஓடும். வளைவு மெல்ல மெல்லப் பெருத்துப் பார்வையின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கும், பிறகு விளிம்பால் வெளியே போய்விடும். இருபது நிமிடம், சிலவேளை அரை மணித்தியாலம். கண்ணை மூடினாலும் அது தெரியும். முடிந்த பிறகு எழுத்தெல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் நிற்கும். எனக்கு ஒரு களைப்பு மிஞ்சும், பேசும்போது சொற்கள் கொஞ்சம் தடுமாறும். தலை இடிக்காது.

கண்ணை மூடினாலும் தெரிகிறது என்பதிலேயே விஷயம் விளங்கிவிடும். இது கண்ணின் பிரச்சினை இல்லை. பிடரிக்கு மேலே, மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கிற புறணியில் (மூளையின் மேற்படையில்) நடக்கிற வேலை. நரம்புக் கலங்கள் ஒருமுறை பொங்கி எழுந்து, பிறகு சில நிமிடங்கள் அடங்கிக் கிடக்கும். அந்தப் பொங்கல் பக்கத்துக் கலங்களுக்குப் பரவிப்பரவிப் போகும். பொங்குகிற முனை மினுக்கமாகத் தெரிகிறது, அடங்கின பகுதி வெற்றிடமாகத் தெரிகிறது. 1941 இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் தனக்கு வந்த மினுக்கம் எவ்வளவு வேகமாகப் பெருக்கிறது என்று நேரம் பார்த்துக் குறித்து, புறணியில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நகர்கிறது என்று கணக்குப் போட்டார். 1944 இல் பிரேசில்காரரான அரிஸ்திடிஸ் லியாவோ முயல்களின் மூளையில் இதே மாதிரியான மெதுவான அலையைக் கண்டு எழுதினார். ஒருவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட கணக்கும், இன்னொருவர் முயலின் மூளையில் அளந்த வேகமும் ஒன்றையொன்று நெருங்கி வந்ததை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

இதற்கெல்லாம் முன்பே இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜோர்ஜ் எயரி 1865 இல் தனக்கு வருகிற இந்த மினுக்கத்தைப் பற்றி எழுதினார். நண்பர்களுக்கு இதற்குப் பிறகு கடும் தலையிடி வருகிறது, எனக்கு வேறு உபாதை ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். அவருடைய மகன் ஹூபர்ட் எயரி வைத்தியர். அவருக்கும் இது இருந்தது. 1870 இல் அவர் அந்த வளைவு தொடங்கிப் பெருத்து ஓரத்துக்குப் போகும்வரை கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டார். அந்தப் படத்தை முதன்முதலில் போனில் பார்த்தபோது, என் தலைக்குள் இருப்பதை இந்த மனிதர் எப்படிக் கண்டார் என்றுதான் நினைத்தேன். சர்வதேச தலையிடிச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இப்போது இதற்குத் தனி இடமே இருக்கிறது.

சரி, இனி வைத்தியசாலைக்கு வருகிறேன். எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை, ஆட்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. காலையில் துண்டு எடுத்து, வாங்கில் காத்திருந்து, உள்ளே போனால் பிரசர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தது. “ஒண்டுமில்லை ரீச்சர், வேலை கூடிப்போச்சு, நித்திரை கொள்ளுங்கோ.” அடுத்ததாகக் கண் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார்கள், விழித்திரை நன்றாக இருக்கிறதாம். மூக்குக்கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், மினுக்கம் புதுக் கண்ணாடிக்குள்ளாலும் வந்தது. இன்னொரு தடவை நோவுக் குளிசை எழுதினார்கள். எனக்கு நோகவே இல்லையே டொக்டர் என்றேன். “நொந்தால் போடுங்கோ.”

இதை இப்போது பகிடியாக எழுதினாலும் அந்தக் குளிசை விஷயம் பகிடி இல்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டைகுளோபினாக் போன்ற குளிசைகள் பழுதுபட்ட சிறுநீரகத்துக்குக் கேடு என்பதும் தெரியும். நோவே இல்லாத ஒருவருக்கு அதை எழுதிக் கொடுப்பதால் யாருக்கு நன்மை?

ஒரு நாளைக்கு நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதை வாங்கில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குள் வயல்வேலை செய்கிற ஒரு அம்மா “கண்ணுக்குள்ள ஏதோ மின்னுது” என்பதற்கு மேல் என்ன சொல்வார்? வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருந்தால் நடுவில் ஒரு தாதியும் சேர்ந்துகொள்வார், சொல்ல வந்ததில் பாதி அங்கேயே நின்றுவிடும். விஞ்ஞானம் படித்த எனக்கே முதல் தடவை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

நான் மட்டும் என்றால் இந்த மடல் தேவையில்லை. ஒளி பற்றிய பாடத்தில் ஒருநாள் அந்தப் பல்லு வளைவைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி “ரீச்சர், இது எனக்கும் வாறது” என்றாள். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாது என்று பேச்சு வாங்குகிற பிள்ளை அவள். வீட்டில் கோயிலுக்குக் கொண்டுபோய் நூல் கட்டியிருந்தார்கள். நூல் கட்டியதில் எனக்கு மனக்குறை இல்லை, அது அந்த அம்மாவுக்கு ஒரு தைரியம். ஆனால் அதோடு நின்றுவிட்டது. இந்தக் கதை ஊருக்குள் பரவிய பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஏ9 வீதியில் லொறி ஓட்டுகிற ஒருவர், மினுக்கம் தொடங்கியதும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திவிட்டு அது போகும்வரை கும்பிட்டுக்கொண்டு நின்றாராம். கூட வந்த பொடியன் அண்ணைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தானாம். நல்லவேளை அன்றைக்கு அது முறிகண்டிக்குக் கிட்ட வந்தது.

இன்னொருவர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா. கணவர் இல்லை, பிள்ளைகளின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வெயிலில், முகக்கவசத்துக்குப் பின்னால், முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுகிற வேலை. பார்க்கிற இடத்தின் நடுப்பகுதி காணாமல் போகிற நோய்க்கு அதைவிட மோசமான வேலை இருக்க முடியாது. மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, தண்ணி குடிக்க, கால் விறைத்துப் போச்சு என்று ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிப் போய் இருந்துவிடுகிறார். அரை மணித்தியாலம் ஓய்வு தந்தால் போதும், இது நிரந்தர ஊனமில்லை என்று ஒரு வைத்தியர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அவர் சாட்டுச் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு வரி எழுதுவதற்கு முதலில் நோய் இன்னது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிப்படையாகவே ஒன்று சொல்கிறேன். வன்னியில் எங்கள் உடம்பில் நடக்கும் எல்லாவற்றுக்கும் 2009 ஐக் காரணம் காட்டுவது நோயாளிக்கும் வசதி, வைத்தியருக்கும் வசதி. தலையிலோ கழுத்திலோ செல் (எறிகணை) துண்டு இருக்கிற ஒருவருக்குக் கண் மினுங்கினால், அந்தத் துண்டு நகர்கிறது என்று வீடே முடிவு கட்டிவிடும். துண்டு இல்லாதவருக்கு மனப்பாதிப்பு என்று எழுதிவிடுவார்கள். தலைக்காயத்தால் பின்னால் வருகிற கோளாறுகள் உண்டு, மனக்காயமும் உண்டு, இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் யுத்தம் நடக்காத நாட்டு வானியலாளருக்கும் இதே வளைவு இதே வேகத்தில் வந்திருக்கிறது. எங்களுக்கும் சாதாரண நோய்கள் வரலாம் என்பதை நீங்களும் நாங்களும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். மறுபக்கம், எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதும்போது உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் ஆட்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு இருப்பதே தெரியாது.

இனி நான் பயப்படுகிற பகுதி. எல்லா மின்னலும் மைக்கிரேன் இல்லை. இந்த மடலைப் படித்துவிட்டு, ரீச்சர் சொன்னவா இது ஒண்டுமில்லையாம் என்று யாரும் வீட்டில் இருந்துவிடக்கூடாது.

மைக்கிரேனின் மினுக்கம் மெதுவாகப் பரவும், ஒளியாக இருக்கும், இரண்டு கண்ணுக்கும் தெரியும், பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடும். பாரிசவாதத்துக்கு முன்னோடியாக வருகிற இரத்த ஓட்டத் தடை அப்படி இல்லை. அது திடீரென்று வரும், பெரும்பாலும் இருட்டாக வரும். ஒரு கண்ணுக்கு மேல் திரை இறங்கியதுபோல இருக்கும் என்பார்கள். வாய் கோணினால், கை கால் ஒரு பக்கம் இயங்காமல் போனால், பேச்சுக் குழறினால், அது பார்வையோடு வந்தாலும் தனியாக வந்தாலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். ஏ34, ஏ35 வீதிகளுக்கு உள்ளே இருக்கிற கிராமங்களிலிருந்து ஒருவர் உரிய இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் போகும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த நாலரை மணித்தியாலம் எவ்வளவு சின்னது என்று விளங்கும்.

விழித்திரை கழல்வதும் மின்னலாகத்தான் தொடங்கலாம். ஒரே கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச் என்று வெட்டும், புகைக்கரி கொட்டியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் பறக்கும், பிறகு ஓரத்திலிருந்து ஒரு நிழல் ஏறி வரும். அவரை அடுத்த மாதக் கிளினிக்குக்கு எழுதி அனுப்பினால் பார்வை போய்விடும். அன்றைக்கே கண் வைத்தியர் பார்க்க வேண்டும்.

ஐம்பது வயதுக்குப் பிறகு முதல் தடவையாக இப்படி வருகிறவர்களையும் ஒருக்கா முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். வயது போனவர்களுக்குத் தலையிடி இல்லாமலே இது புதிதாகத் தொடங்கலாம் என்று மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் வைத்தியர் 1980 இல் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் மற்றக் காரணங்களைப் பார்த்து விலக்கிய பிறகுதான் ஆறுதல் சொல்ல வேண்டும். நெற்றிப்பொட்டு நோகிறது, சாப்பாடு சப்பும்போது தாடை நோகிறது என்று சேர்த்துச் சொன்னால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், அதுவும் பார்வையைப் பறிக்கும்.

இவற்றையெல்லாம் உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. உங்களுடைய புத்தகத்தில் இருப்பவைதான். ஓபிடி மேசையில் இவை கேட்கப்படுவதில்லை என்பதால் எழுதுகிறேன். திடீரென்று வந்ததா மெல்லப் பரவியதா, வெளிச்சமா இருட்டா, ஒரு கண்ணிலா இரண்டிலுமா, கூட வேறு என்ன நடந்தது. இவ்வளவுதான் கேள்வி. ஒரு கண்ணா இரண்டா என்பதற்கு மட்டும் நோயாளி சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வலது பக்கம் தெரியாவிட்டால் வலது கண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த தடவை வரும்போது ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லி, தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை.

கேள்வி கேட்கவும் நேரமில்லை என்றால் ஒரு படம் போதும். எயரியின் படத்தைப் போல, வளைவு வளர்கிற நாலைந்து கட்டத்தை ஒரு தாளில் வரைந்து, பக்கத்தில் திரை இறங்குகிற கண்ணையும் புள்ளி பறக்கிற கண்ணையும் வரைந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு வரி எழுதி ஓபிடி வாங்குக்கு எதிரே உள்ள சுவரில் ஒட்டிவிடுங்கள். டெங்கு நுளம்பின் படம் இருக்கிறதுதானே, அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கும். வருகிறவர் விரலை வைத்துக் காட்டுவார். வாங்கில் இருக்கும்போதே தனக்கு வருவது எது என்று பார்த்துவிட்டு உள்ளே வருவார். திரைப் படத்தில் விரல் வைத்தவரை வரிசையிலிருந்து எடுத்து உடனே உள்ளே அனுப்ப ஒரு சிற்றூழியராலும் முடியும்.

மைக்கிரேன்தான் என்று முடிவானால் கிளினிக் கொப்பியில் அதைத் தமிழிலும் எழுதுங்கள். கூட, சாரதிகளுக்கு ஒரு வரி: மினுக்கம் தொடங்கியவுடன் வாகனத்தை ஓரங்கட்டி, முழுதாகத் தெளியும்வரை எடுக்காதே. லொறிக்காரர்கள் இதை மறைப்பதற்குக் காரணம் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்ற பயம். மறைத்து ஓட்டுபவரை விட, சொல்லிவிட்டு ஓரங்கட்டுபவர் வீதியில் இருப்பது எல்லோருக்கும் நல்லது. நித்திரை குறைவு, சாப்பாடு தவறுவது, தண்ணி போதாமை, கண் கூசும் வெயில் இவையெல்லாம் பலருக்கு இதைக் கிளப்பிவிடும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே நாளில் இந்த நாலும் நடக்கிற வேலைதான் இங்கே பாதிப் பேருக்கு என்பது வேறு கதை.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எங்கள் கிராமங்களில் பெண்கள் வாய் திறந்து பேசுவது உங்களிடம்தான். இந்த மினுக்கம் உள்ள பெண்களுக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடைக் குளிசை அதை மேலும் கூட்டும். அதனால் அவர்களுக்கு அந்த வகைக் குளிசை கொடுக்கக்கூடாது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. இளம் பெண்களுக்குப் பாரிசவாதம் வருவது மிகவும் அரிது, ஆகவே யாரையும் பயப்படுத்த வேண்டாம். குளிசை கொடுக்க முதல் தலையிடி இருக்கிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். என்னைப் போன்றவர்கள் இல்லை என்றுதான் சொல்வோம், அது உண்மையும்கூட. கண்ணுக்குள் மின்னல், எழுத்து மறைவது, அரைவாசி முகம் தெரியாமல் போவது ஏதும் உண்டா என்று இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ஆம் என்றால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஊசி, கையில் வைக்கும் குச்சி, லூப் என்று வேறு வழிகள் உங்களிடமே இருக்கின்றன. ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தாமல் உங்களிடம் வந்து மாற்றிக்கொள்வதுதான் சரி. பாதியில் நிறுத்திவிட்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தால் என் பெயரைச் சொல்லக்கூடாது.

படம் வரைகிற வேலையை எங்கள் பள்ளிக்கூடம் பொறுப்பெடுக்கும். சித்திரப் பாட ஆசிரியரோடு கதைத்துவிட்டேன், பிள்ளைகளும் ஆவலாக இருக்கிறார்கள். மினுக்கம் வருகிற பிள்ளை தானே முதல் கட்டத்தை வரைவேன் என்று நிற்கிறாள். உங்களிடம் கேட்பது இரண்டுதான்: ஒரு கண் வைத்தியரும் ஒரு பொது வைத்தியரும் வரைபைப் பார்த்துப் பிழை திருத்தித் தர வேண்டும், சிங்கள வரிகளை யாராவது எழுதித் தர வேண்டும். எந்த அளவுத் தாளில் வேண்டும், எத்தனை வைத்தியசாலைக்கு வேண்டும் என்று தவணை விடுமுறைக்கு முன்பு சொன்னால் விடுமுறைக்குள் முடித்துவிடலாம். லமினேற் செய்கிற செலவுக்குப் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர்